கற்போன் கட்டும் அறிவும் கற்பிப்போன் கடமையும்

கல்வியைப் பற்றிப் பேசுங்கால் நாம் வழங்குஞ் சொற்களே நமது உட்கருத்தைக் காட்டிவிடுகின்றன. அறிவை ஊட்டினார் என்கின்றோம். பாடத்தைப் புகட்டினார் என்கின்றோம். மண்டையில் ஏற்றினார் என்று வீட்டிலே சொல்லுகின்றோம். ஊட்டலும் புகட்டலும் ஏற்றலும் ஒருவரிடமுள்ள பொருளை மற்றொருவரிடஞ் சேர்க்குந் தொழில்கள். இச்சொற்களின்படி ஆசிரியர் கொடுப்பவர், மாணாக்கன் கொள்கலம், கொள்கலத்திலே எவ்வளவு தங்கியது என்று அளந்து பார்க்குங் கோல் பரீட்சை. பெற்றோர் பலரும், பழைய மாணவர் பலரும், ஆசிரியருட் சிலரும் கல்வியை இவ்வாறே எண்ணிவருகின்றனர். இவ்வெண்ணத்தால் விளையுந் தீங்கை எடுத்துரைத்தற்கு, கல்லூரியின் வளர்ச்சியிலே கண்ணுங் கருத்துமாயுள்ளோர் அனைவரும் படிக்கும் இவ்விழா மலரினும் ஏற்ற இடம் வேறில்லையென்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மேற்கூறிய எண்ணத்துக்கு மாறான கொள்கையொன்று கல்வியுலகிலே நெடுங்காலமாக நிலவுகின்றது. அதனைக் கட்டுருவாக்கவாதம் என்பர். அறிவு ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்கு மாறும் பொருளன்று. கற்பவன் தன்னிடம் முன்னரே உள்ள அறிவைக் கல்லும் மண்ணுமாகக் கொண்டு, புதிதாய்க் கண்டதையுங் கேட்டதையும் அதனோடு இணைத்துத் தன் உள்ளத்திலே தானே கட்டிக்கொள்வது என்பது அக்கொள்கையின் உட்கிடை. ஆசிரிய கலாசாலைகளிற் பயிற்சி பெற்றோர் யாவரும் இப்பெயரை அறிவர். பரீட்சைக்காக இதன் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்து ஒப்புவித்துத் தராதரப் பத்திரம் பெற்று வெளியேறுவதே பெரும்பாலும் வழக்கம். மனனக் கல்வியை மறுக்கும் ஒரு கொள்கை மனனத்தாலேயே பயிலப்பட்டு வருவதிலுள்ள நகைச்சுவையை வாசகர் உணர்வர்.

இதனைப் பற்றி நாம் சொல்லக் கருதுவது ஒன்றே. கட்டுருவாக்கவாதம் ஆசிரியரின் பணியைக் குறைக்கவில்லை. முன்னிலும் பன்மடங்கு கூட்டுகின்றது. மாணாக்கர் தாமே கற்பர் என்று சொல்லி வகுப்பை அவர்கள் கையில் விட்டுவிடும் ஆசிரியரும், பரீட்சையைக் காட்டிக் குறிப்புக்களைச் சொல்லி எழுதுவிக்கும் ஆசிரியரும், வேறு வேறு வழியாற் சென்று அம்மாணாக்கருக்கு ஒரே தீங்கைச் செய்கின்றனர். மாணாக்கனின் உள்ளத்திலே என்ன நிகழ்கின்றது என்று இருவருமே பார்ப்பதில்லை.

ஓர் எளிய எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். கீழ்வகுப்பு வாசிப்புப் பாடமொன்றிலே, கூட்டத்திலே தலைவர் பேசினார் என்று ஒரு வாக்கியம் வருகின்றதென்று கொள்க. எமது பகுதி வீடுகளிலே உரையாடுதலைக் கதைத்தல் என்பர். பேசுதல் என்றால் ஏசுதல் என்பதே பொருள். நேரஞ்சென்றால் 'அம்மா பேசுவா' என்று அஞ்சி வீட்டுக்கு ஓடுஞ் சிறுவன் அவ்வாக்கியத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வான்? தலைவர் சனங்களை ஏசினார் என்றே விளங்கிக்கொள்வான். ஆசிரியர் கொடுத்த வாக்கியம் ஒன்று. சிறுவன் கட்டிய பொருள் வேறொன்று. அவன் எழுத்துப் பிழையின்றி, உரத்த குரலிலே வாசித்தானாதலின், ஆசிரியர் 'நன்று' என்று சொல்லி அடுத்தவனை எழுப்புகின்றார். பிழையோ அவனுள்ளே இருந்துவிடுகின்றது. அவனுடைய வீட்டுமொழி குறையுடையதன்று. அது அவன் கையிலுள்ள முதற் கல். அக்கல் இன்னதென்று அறியாமல் அதன்மேற் சுவர் எழுப்ப முயல்வதே குறை.

விஞ்ஞானப் பாடத்திலும் இதுவே நிகழ்கின்றது. ஸ்டெல்லா வொஸ்னியாடு, வில்லியம் புறூவர் என்னும் இருவர், அமெரிக்கப் பாடசாலைச் சிறுவர் 60 பேரிடம் பூமியின் வடிவத்தைப் பற்றி வினவி, தாம் கண்டவற்றை 1992 ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். பூமி உருண்டை என்று சொல்லத் தெரிந்த சிறுவர் பலரிடம் மேலும் மேலும் வினவியபோது வியப்பான செய்திகள் வெளிப்பட்டன. தோசையைப் போல வட்டமாகவும் தட்டையாகவும் பூமி இருக்கின்றதென்று எண்ணிய குழந்தை உண்டு. உள்ளீடற்ற பந்தொன்றின் உள்ளே தட்டையான நிலத்தில் மனிதர் வாழ்கின்றனர் என்று எண்ணியோர் உளர். நாம் நிற்குந் தட்டை நிலம் ஒரு பூமி, வானத்திலே உருண்டையாகத் தொங்குவது மற்றொரு பூமி என்று இரண்டாக வைத்துக்கொண்டோரும் உளர். நிலம் தட்டையென்று கண் சொல்லிற்று. உருண்டையென்று ஆசிரியர் சொன்னார். இரண்டையும் விடமாட்டாத குழந்தை இரண்டுக்கும் பொருந்துமாறு மூன்றாவது ஒன்றைக் கட்டிக்கொண்டது. 'பூமியின் வடிவம் யாது?' என்னும் ஒருசொல் வினாவுக்கு இவர்கள் யாவரும் 'உருண்டை' என்று எழுதி முழுப்புள்ளியும் பெற்றுவிடக் கூடுமென்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

தமிழ்ப் பாடத்துக்கு மீண்டும் வருவோம். இரண்டாம் வேற்றுமை உருபாகிய ஐ விரிந்து நிற்குமிடத்து அதன்பின் வல்லினம் மிகும் என்று கற்பிக்கின்றோம். பாடத்தைப் படித்தான், கதவைத் திறந்தான் என்று உதாரணங் காட்டுகின்றோம். மாணாக்கன் ஒப்புக்கொள்கின்றான். ஒரு கிழமை கழித்துக் கட்டுரைக் கொப்பியிலே 'மழைப் பெய்தது' என்றும் 'அவைப் பறந்தன' என்றும் எழுதிக்கொண்டு வருகின்றான். சிவப்பு மையாற் சுழித்துக் 'கவனமின்மை' என்று எழுதிவிடுவது எளிது. ஆயின் அவன் கவனமின்றி எழுதவில்லை. மிகுந்த கவனத்தோடேயே எழுதியிருக்கின்றான். ஐ என்னும் ஓசையில் முடியுஞ் சொல்லின்பின் ஒற்று மிகும் என்று தானே ஒரு விதியைக் கட்டி, அதனைத் தவறாமற் பின்பற்றியிருக்கின்றான். அவனுடைய விதியைக் கேட்டறியாமல் நமது விதியைப் பத்து முறை எழுதுவித்தால், பத்து முறையும் தன் விதியையே எண்ணிக்கொண்டு எழுதுவான்.

அவ்வாறன்றி, 'மழை பெய்தது', 'மழையைப் பார்த்தான்' என்னும் இரண்டையும் கரும்பலகையிலே அருகருகே எழுதி, எங்கே மழை தொழிலைச் செய்கின்றது, எங்கே பிறர் தொழிலுக்கு உள்ளாகின்றது என்று வினவினால், சொல்லின் ஈற்றில் இயல்பாயமைந்த ஐ வேறு, உருபாய் வந்து சேர்ந்த ஐ வேறு என்பதை அவனே காண்பான். கண்டவுடன் மற்றொரு மாணாக்கன் எழுந்து, அப்படியானால் மழைக்காலம் என்பதில் ஒற்று ஏன் வந்தது என்று கேட்பான். அவ்வினா பாடத்தைக் குழப்புவதன்று; பாடம் பற்றிக்கொண்டதற்கு அதுவே அடையாளம். அவ்வினாவுக்கு விடை சொல்லத்தக்க இலக்கண அறிவு ஆசிரியரிடத்து இருத்தல் வேண்டும் என்பதையுங் கவனிக்குக. குறிப்பைச் சொல்லி எழுதுவிப்பவருக்கு அக்குறிப்பளவு அறிவே போதும். வினாவுக்கு இடங்கொடுப்பவருக்கு அது போதாது.

இக்கொள்கையின் வரலாற்றிலே 1896 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலே ஜோன் டூயி என்னும் அமெரிக்க மெய்யியலறிஞர் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே தமது ஆய்வுப் பாடசாலையைத் தொடங்கினார். சமைத்தல், நெய்தல், தச்சுவேலை முதலிய தொழில்களினூடே கணிதமும் விஞ்ஞானமும் வரலாறும் அங்கே பயிலப்பட்டன. அதே ஆண்டிலே சுவிற்சர்லாந்தில் ஜீன் பியாஜேயும், உருசியப் பேரரசில் லெவ் வைகொட்ஸ்கியும் பிறந்தனர்.

பியாஜே குழந்தைகளின் பிழையான விடைகளை ஆராய்ந்தே புகழ்பெற்றவர். ஒரே அளவான இரு கிண்ணங்களிலுள்ள நீரில் ஒன்றை ஒடுங்கி உயர்ந்த பாத்திரமொன்றில் ஊற்றினால், நீர் கூடிவிட்டதென்று நான்கைந்து வயதுக் குழந்தை உறுதியாய்ச் சொல்லும். இது அறியாமையன்று, அவ்வயதுக்குரிய ஓர் ஒழுங்கான சிந்தனை என்று அவர் காட்டினார். புதியதைப் பழைய அமைப்புக்குள் அடக்கிக்கொள்ளுதலைத் தன்மயமாக்கல் என்றும், அடங்காவிடத்துப் பழைய அமைப்பையே மாற்றிக்கொள்ளுதலைத் தன்னமைவாக்கல் என்றும் அவர் கொள்கையைத் தமிழில் எழுதுவோர் கூறுவர். மேலே சொன்ன மாணாக்கன் 'மழைப் பெய்தது' என்று எழுதியது முன்னையது. இருவகை ஐயையும் பிரித்தறிந்தது பின்னையது.

வைகொட்ஸ்கி 1934 ஆம் ஆண்டிலே, முப்பத்தெட்டு வயது நிரம்புமுன்னரே, காசநோயால் மறைந்தார். குழந்தை தனித்து நின்று செய்யக்கூடியதற்கும், அறிந்தார் ஒருவர் துணைநிற்பச் செய்யக்கூடியதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. கற்பித்தல் நிகழவேண்டியது அங்கேயே என்பது அவர் விட்டுச்சென்ற பெருங் கருத்து. முன்னரே செய்ய வல்லதைக் கற்பித்தல் வீண்; துணையிருந்தாலும் எட்டாததைக் கற்பித்தல் அதனினும் வீண். பின்னர், 1976 ஆம் ஆண்டிலே டேவிட் வூட், ஜெரோம் புறூணர், கேல் ரோஸ் என்னும் மூவர், மூன்று முதல் ஐந்து வயதுவரையான குழந்தைகளுக்கு மரக்கட்டைகளைப் பொருத்திக் கூம்பகம் அமைக்கக் கற்பித்து, கற்பிப்பவரின் துணை எத்தகையதாய் இருத்தல் வேண்டுமென்று ஆராய்ந்தனர். அத்துணையை அவர்கள் கட்டடத்துக்குக் கட்டுஞ் சாரத்துக்கு ஒப்பிட்டனர். சாரமின்றிச் சுவர் உயராது. சுவர் உயர்ந்தபின் சாரத்தைக் கழற்றாவிடின் அது கட்டடமும் ஆகாது. இவற்றுக்கிடையே, 1968 ஆம் ஆண்டிலே டேவிட் ஒசுபெல் என்பார், கற்றலைத் தீர்மானிக்குங் காரணிகளுள் தலையாயது கற்பவன் முன்னரே அறிந்திருப்பது யாது என்பதே என்றும், அதனை அறிந்து அதற்கேற்பக் கற்பிக்கவேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

மேனாட்டார் பெயர்களை அடுக்கியதனால் இது நமக்குப் புறம்பான பொருளென்று எவரும் எண்ணற்க. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே மாணாக்கரை முத்திறத்தினராக வகுத்து உவமை கூறியிருக்கின்றார். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அவர் கொடுத்த இடம் யாது? இடைமாணாக்கர் வரிசை. தலைமாணாக்கருக்கு அவர் காட்டிய உவமைகள் அன்னமும் பசுவும். பாலை நீரினின்றும் பிரிப்பது அன்னம். மேய்ந்ததை ஓரிடத்திலிருந்து மீட்டு அசைபோட்டுத் தன்னுடையதாக்கிக்கொள்வது பசு. கிளியினும் பசு உயர்ந்தது என்ற இத்தரவரிசையை இன்றைய பரீட்சை மண்டபங்கள் பெரும்பாலும் தலைகீழாக்கிவிட்டன. ஆசிரியராகாதாருக்கு அவர் கூறிய உவமைகளுள் பருத்திக் குண்டிகை ஒன்று: அடைக்கும்போதும் சிறிது சிறிதாய் வருந்தி அடைக்கவேண்டும், எடுக்கும்போதும் அவ்வாறே.

அதனினும் கருதத்தக்கது, பாடங் கேட்டலின் வரலாற்றைச் சொல்லுமிடத்து அவர் இட்ட கணக்கு. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன்கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். நம் முன்னோர் எல்லாவற்றையும் முன்னரே கண்டுவிட்டனர் என்று மார்தட்டுதற்காக இதனைக் கூறினோமல்லோம். பியாஜேயின் ஆய்வு பியாஜேக்கே உரியது. ஆயினும், நன்னூலுக்குக் காண்டிகையுரை வகுத்த நாவலர் 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். சிறுவரின் படிமுறை வளர்ச்சிக்கேற்பப் பாலபாடங்களை எழுதியவர். அவர்வழி வந்த பாடசாலை மரபிலே, ஆசிரியர் பேசுவது காற்பங்கு என்னும் இக்கணக்கை ஏட்டளவில் மட்டும் வைத்திருத்தல் முறையாகாது.

நமது நாட்டிலே இக்கொள்கை அரச கலைத்திட்டத்துள் வெளிப்படையாகப் புகுந்தது 2007 ஆம் ஆண்டிலேயாம். அவ்வாண்டு 6 ஆந் தரத்திலும் 10 ஆந் தரத்திலும் தொடங்கப்பட்ட தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தோடு ஐந்துபடிக் கற்பித்தல் முறையும் வந்தது. ஈடுபடல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்பன அவ்வைந்து. ஆங்கிலத்திலே ஐந்து பெயர்களும் ஈ என்னும் ஒரே எழுத்தில் தொடங்குதலின், ஐந்து ஈ முறை என்று ஆசிரியர் வழங்குவர். அமெரிக்க உயிரியற் கலைத்திட்ட நிறுவனமொன்றிலே 1980 களில் உருவாகிய முறை அது.

கருத்து நல்லது. வகுப்பறையில் அது எடுத்த வடிவத்தைச் சொல்லுகின்றோம். நாற்பது மாணாக்கர் உள்ள வகுப்பை ஆறாறு பேராய் வகுத்து, குழுவுக்கு ஒரு டிமைத் தாளும் ஒரு மாக்கர் பேனையும் கொடுத்துவிட்டால் ஐந்துபடியும் ஏறியாயிற்று என்னும் எண்ணம் பல இடங்களிற் பரவிற்று. குழுவிலே எழுத்து அழகுள்ளவன் எழுதுகின்றான். இருவர் தாளின் மூலையைப் பிடிக்கின்றனர். ஒருவன் பாடநூலிலிருந்து வரிகளைச் சொல்லுகின்றான். எஞ்சியோர் யன்னலுக்கு வெளியே பார்க்கின்றனர். நாற்பது நிமிடப் பாடவேளை முடியுந் தறுவாயிலே, பாடநூலில் உள்ளது உள்ளவாறே பெரிய எழுத்திலே சுவரில் ஒட்டப்படுகின்றது. பார்வையிட வந்தோர் மகிழ்ந்து செல்கின்றனர். கைகள் தொழில் செய்தன. உள்ளங்கள் எதனையுங் கட்டவில்லை.

இத்தகைய காட்சிகளைக் கண்டு வெறுத்து, 'பழைய முறையே நன்று. ஆசிரியர் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும்' என்போர் உளர். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. றிச்சாட் மேயர் என்னும் உளவியலாளர் 2004 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றிலே, மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் மூன்று வெவ்வேறு பொருள்களிலே நிகழ்ந்த ஆய்வுகளை ஒப்புநோக்கினார். வழிகாட்டலேயின்றிக் கண்டுபிடிக்க விடப்பட்டோரினும், வழிகாட்டலோடு கண்டறிந்தோரே ஒவ்வொரு முறையும் நன்கு கற்றிருந்தனர் என்று காட்டினார். உடல் இயங்கினால் அறிவும் இயங்குகின்றதென்று மயங்கலாகாது என்பதும் அவர் எச்சரிக்கை. கேர்ஷ்னர், சுவெலர், கிளாக் என்னும் மூவரும் 2006 ஆம் ஆண்டிலே இன்னுங் கடுமையாக எழுதினர். மனிதன் ஒரே வேளையில் மனத்திலே தாங்கக்கூடிய புதுச் செய்திகள் மிகச் சிலவே. ஒரு துறைக்குப் புதிதாய் வந்தவனை வழிகாட்டாமற் கண்டுபிடிக்க விட்டால், தேடுவதிலேயே அவன் ஆற்றல் தீர்ந்துவிடும், கற்பதற்கு எஞ்சாது என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தை நாம் ஏற்கின்றோம். ஆயினும் இதனாற் கட்டுருவாக்கவாதம் வீழ்ந்துவிட்டதென்று கொள்ளுதல் பொருந்தாது. அறிவு உள்ளத்திலே எவ்வாறு அமைகின்றது என்பது ஒரு வினா. அதற்கு ஆசிரியர் எவ்வாறு உதவவேண்டும் என்பது மற்றொரு வினா. மாணாக்கன் தானே கட்டுகின்றான் என்பதனால் அவனைத் தனியே விட்டுவிடவேண்டும் என்பது பெறப்படாது. வீடு கட்டுகின்றவனுக்கு நூல்பிடித்துக் காட்ட ஒரு மேசன் வேண்டும். மாணாக்கன் தெளிவான விளக்கவுரையொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் உள்ளத்தாற் கட்டிக்கொண்டிருக்கலாம். குழுவிலே கூச்சலிட்டுக்கொண்டிருக்கும்போதும் ஒன்றுங் கட்டாதிருக்கலாம். ஆதலால், சொல்லவேண்டியதைத் தயங்காமற் சொல்லுதலும், கேட்கவேண்டியதைப் பொறுமையோடு கேட்டலும் ஆகிய இரண்டும் ஆசிரியருக்கு வேண்டும். எப்போது சொல்வது, எப்போது கேட்பது என்று தெரிதலே தொழிற்றிறன்.

'அவரவர் கட்டியது அவரவர்க்கு உண்மை' என்று இக்கொள்கையை எல்லைகடந்து நீட்டுவோரையும் நாம் பின்பற்றோம். லகர ளகர ழகர வேறுபாட்டை ஒரு மாணாக்கன் தன் விருப்பப்படி கட்டிக்கொள்ள முடியாது. மொழி பல தலைமுறையினர் கூடிக் கட்டிய மாளிகை. அதற்குள் நுழையும் வழியை ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் இடத்திலிருந்தே தேடவேண்டியிருக்கின்றது. மாளிகையோ எல்லார்க்கும் பொது.

வகுப்பறையிலே இது எவ்வாறு அமையும் என்பதற்கு ஒரு பாடத்தைக் காட்டுவோம். ஐந்திணை கற்பிக்கும் ஆசிரியர் வழக்கப்படி குறிஞ்சியிலிருந்து தொடங்கி, முதற்பொருள் கருப்பொருள் உரிப்பொருள்களை அட்டவணையாக எழுதுவிப்பார். எமது குடாநாட்டிலே மலையில்லை. பெயரிலே மலையுடைய கீரிமலைக்குச் சென்றாலும் காண்பது கடலும் கேணியுமே. மலையைக் காணாத பிள்ளைக்குக் குறிஞ்சி ஒரு சொல்லாகவே நின்றுவிடும். ஆனால் நெய்தலை அப்பிள்ளை அறியும். கடலுக்குச் சென்றவர் திரும்பும்வரை கரையிலே காத்திருத்தல் இன்னதென்று கரையோரப் பிள்ளைக்கு எந்த உரையாசிரியருஞ் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே நெய்தலிலிருந்து தொடங்குக. அந்நிலத்திலே மக்கள் செய்யுந் தொழில் யாது, உணவு யாது, எந்தப் பொழுது மனத்தை வருத்தும், ஏன் வருத்தும் என்று வினவுக. மறுமொழிகளைக் கரும்பலகையிலே நிரைப்படுத்தினால், முதல், கரு, உரி என்னும் பகுப்பு அம்மறுமொழிகளுள்ளேயே கிடக்கும். இடமும் பொழுதும் மாந்தரின் உணர்வைத் தொடுகின்றன என்னும் தத்துவம் ஒரு நிலத்திலே கைவந்தபின், வயலைக் கண்ட பிள்ளையை மருதத்துக்கும், பின்னர் காணாத குறிஞ்சிக்கும் அழைத்துச் செல்லலாம். நுவரெலியாவிலே கற்பிக்கும் ஆசிரியர் குறிஞ்சியிலேயே தொடங்குவாராக. பாடம் ஒன்றே, வாயில் வேறு.

பாடமுடிவிலே ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒருவன் தான் விளங்கிக்கொண்டதைத் தன் சொல்லிலே அருகிருப்பவனுக்குச் சொல்லட்டும். பவணந்தியாரின் அரைப்பங்கு அங்கே நிரம்பும். ஆசிரியர் வரிசைகளுக்கிடையே நடந்து செவிசாய்த்தால், நாளைக்கு எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பதும் தெரியவரும். இதற்குத் திரையும் வேண்டா, கருவியும் வேண்டா.

'இவையெல்லாம் நன்று; பாடத்திட்டத்தை முடிக்க நேரம் எங்கே?' என்று சக ஆசிரியர் கேட்பர். நியாயமான கேள்வி. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரையும் பரீட்சைகள் வரிசையாய் நிற்கின்றன. மாலையிலும் வார இறுதியிலும் பிள்ளைகள் தனியார் கல்வி நிலையங்களில் அமர்ந்து, எதிர்பார்க்கை வினாக்களுக்கு ஆயத்த விடைகளை எழுதிக்கொள்கின்றனர். 'நான் விரும்பும் பெரியார்' என்னுந் தலைப்பிலே முப்பது மாணாக்கர் ஒரே பெரியாரை, ஒரே முன்னுரையோடு, ஒரே பழமொழியால் முடித்து விரும்புகின்ற விந்தையைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். அவருள் ஒருவராவது தாம் விரும்பும் பெரியாரைப் பற்றி எழுதவில்லை. ஆசிரியர் மட்டும் மாறினால் இது மாறிவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். பரீட்சை வினா மாறவேண்டும்; பாடப்பரப்புச் சுருங்கவேண்டும்; வகுப்புச் சிறுக்கவேண்டும்.

இவற்றுள் உண்மையாகவே பணயமாய் நிற்பது யாதெனிற் கூறுவோம். கன்னங்கராவின் தலைமையிலே 1943 ஆம் ஆண்டு வெளிவந்த கல்வி அறிக்கையின் பயனாக, 1945 ஆம் ஆண்டிலே இலவசக் கல்வி இந்நாட்டிலே நடைமுறைக்கு வந்தது. பாடசாலையின் கதவு எல்லார்க்குந் திறந்தது. ஆயின் கதவைக் கடந்து வரும் பிள்ளைகள் ஒரே முதலோடு வருவதில்லை. ஒருவன் வீட்டிலே நூல்களும், கேள்விக்கு விடைசொல்லும் பெற்றோரும் உண்டு; மற்றொருவன் விடியலிலே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வருகின்றான். எல்லாரும் ஒரே கொள்கலம் என்று எண்ணி ஒரே குறிப்பைச் சொல்லும் வகுப்பிலே, முன்னவன் அக்குறிப்பைத் தன் முதலோடு சேர்த்துக் கட்டிக்கொள்வான். பின்னவன் வெறும் எழுத்தை மனனஞ் செய்து, மறந்து, 'மண்டையில் ஏறாதவன்' என்று பெயரெடுத்துப் பின்வாங்கில் அமர்ந்துவிடுவான். அவன் தண்ணீர் இறைக்கும்போது அறிந்த கணக்கையும், தோட்டத்திலே கேட்ட சொல்வளத்தையும் எவரும் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவனிடமும் கல்லும் மண்ணும் இருந்தமை தெரிந்திருக்கும். இலவசக் கல்வியின் வாக்குறுதி அவ்வகுப்பறையிலேயே மெல்ல முறிகின்றது.

இறுதியாக, இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்குச் சில சொல்ல விரும்புகின்றோம். கல்லூரிமேல் நீங்கள் வைத்திருக்கும் பற்றை நாம் அறிவோம். உள்நாட்டிலிருந்தும் கடல்கடந்த நாடுகளிலிருந்தும் நீங்கள் அனுப்பும் உதவியால் மண்டபங்கள் எழுந்திருக்கின்றன, பரிசில்கள் வழங்கப்படுகின்றன. ஆயினும் பெறுபேறு வெளியாகும் நாளிலே நீங்கள் முதலிற் கேட்பது, எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றோர் எத்தனை பேர் என்பதே. அவ்வெண்ணிக்கை குறைந்த ஆண்டிலே, மேலதிக வகுப்புக்களுக்கென்று பணம் அனுப்புகின்றீர்கள். அன்பினால் அனுப்பும் அப்பணம், குறிப்புச் சொல்லி எழுதுவிக்கும் மணித்தியாலங்களை இன்னும் இரண்டு கூட்டுகின்றது என்பதை வருத்தத்தோடு கூறுகின்றோம்.

அதனை வேறு வழியிலே செலவிடலாம். வகுப்புக்குள்ளேயே பிள்ளைகள் எடுத்துப் படிக்கத்தக்க சிறு நூல்நிலையம் அமைக்கலாம். ஒரு பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்று ஆசிரியர் கூடி ஆராய்வதற்கு மாதம் ஒரு பிற்பகலை ஒழுங்குசெய்ய உதவலாம். பரிசளிப்பு விழாவுக்கு வரும்போது, மேடையிலே உரையாற்றுவதோடு அமையாமல், முதல் நாளே வந்து ஒரு வகுப்பிலே அமர்ந்து, பின்வாங்குச் சிறுவன் ஒருவனிடம் அவன் கற்றதொன்றை உங்களுக்கு விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அவன் இடறினால் திருத்த விரையாதீர்கள். ஏன் அவ்வாறு எண்ணுகின்றாய் என்று வினவுங்கள். கல்லூரி எவ்வளவு உயர்ந்திருக்கின்றது என்பதைப் பெறுபேற்று அட்டவணையினும் தெளிவாக அவன் மறுமொழி உங்களுக்குக் காட்டும்.